மடி: ஒரு சொல்லின் பொருள்விரிவும் கடற்கரை வழக்கும் – வைத்திக்குப்பத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அன்றாடப் பேச்சில் வழங்கும் ‘மடி’ என்னும் சொல் மடிப்பு, அமர்ந்தவரின் தொடைப்பரப்பு, இடுப்புத்துணியின் பை, பசுவின் பால்மடி, சோம்பல், தூய்மை, எண்ணின் அடுக்கு, மீன்வலையின் பை எனப் பல பொருள்களுக்குப் பெயராகிறது. இப்பொருள்களுள் எவை ஒரு வேரிலிருந்து கிளைத்தவை, எவ்வழியில் கிளைத்தன என்பதைத் தமிழ் இலக்கண மரபின் ஆகுபெயர்க் கோட்பாட்டையும் திராவிட மொழிகளின் ஒப்பீட்டையும் துணைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. புதுச்சேரி நகரின் மீனவர் குடியிருப்புகளுள் ஒன்றான வைத்திக்குப்பம் போன்ற கடற்கரையில் இச்சொல்லின் பல பொருள்களும் ஒருங்கே உயிரோடு வழங்குவதும், ‘சுருக்குமடி’, ‘இரட்டைமடி’ ஆகிய வலைப்பெயர்கள் இன்று சட்டத்திலும் வாழ்வுரிமைப் பூசலிலும் இடம்பெற்றிருப்பதும் இவ்விளக்கத்தின் தேவையை உணர்த்துகின்றன.

திறவுச் சொற்கள்: மடி, பலபொருள் ஒருசொல், ஆகுபெயர், வலைப்பெயர், தொழிற்சொல், வைத்திக்குப்பம்.

முன்னுரை

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழ் அறிஞர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பிய உரியியல் பல பொருள் குறித்த ஒரு சொல்லையும் ஒரு பொருள் குறித்த பல சொல்லையும் எடுத்துரைக்கிறது. திவாகர நிகண்டு தன் பன்னிரு தொகுதிகளுள் பதினொன்றாவதை ஒருசொல் பல்பொருட்பெயர்க்கென்றே ஒதுக்கியுள்ளது. எனினும் நிகண்டின் நோக்கம் பொருள்களைத் தொகுத்துத் தருவதே. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குச் சொல் எவ்வாறு சென்றது என்னும் வினா நிகண்டின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அவ்வினாவுக்குரிய கருவியை இலக்கண நூல்களே ஆகுபெயர் என்னும் பெயரில் வழங்கியுள்ளன.

அக்கருவியைப் பயன்படுத்திப் பார்ப்பதற்கு ‘மடி’ மிகவும் ஏற்ற சொல். இது புலவர் வழக்கில் மட்டும் வாழும் அருஞ்சொல் அன்று. குழந்தை முதலில் அறியும் சொற்களுள் ஒன்று. அதேவேளை சட்ட ஆணைகளிலும் நீதிமன்ற வழக்குகளைப் பற்றிய செய்திகளிலும் இடம்பெறும் சொல்லாகவும் இது வளர்ந்துள்ளது.

புதுச்சேரி நகரின் வடபகுதியில், குருசுக்குப்பத்தை அடுத்துக் கடலோரமாக அமைந்தது வைத்திக்குப்பம். மாசிமகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரையும் இதுவே. இத்தகைய ஒரு கரையில் வலையின் மடி, மீன் விற்கும் பெண்ணின் இடுப்பு மடி, குழந்தை கிடக்கும் தாய்மடி, வழிபாட்டிற்குரிய மடி ஆகிய யாவும் ஒரே நாளில் பேசப்படுதற்குரியன. கேட்போர் எவரும் பொருள் மயங்குவதில்லை. மயக்கமின்மைக்குக் காரணம் என்ன என்பதும், மயக்கம் நேரும் இடம் எது என்பதும் ஆராய்வதற்குரியன.

வினையடியும் முதற்பொருளும்

‘மடி’ வினையாகவும் பெயராகவும் வழங்குவது. தன்வினையாக நிற்கையில் ‘மடிதல்’. பிறவினையாக நிற்கையில் ‘மடித்தல்’. தாளை மடித்தல், துணியை மடித்தல், வெற்றிலையை மடித்தல் என்னும் தொடர்களில் காணும் ‘ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வளைத்தல்’ என்பதே இதன் அடிப்படைப் பொருளாகக் கொள்ளத்தக்கது. மடங்கு, மடக்கு ஆகிய வினைகளும் இதனோடு உறவுடையன. சங்க நூல்களில் இடையர்க்கு அடையாக வரும் ‘மடிவாய்’ என்னும் சொல், சீழ்க்கையடித்தற்பொருட்டு மடித்த வாயைக் குறிப்பது. ஆண்டும் மடிப்பு என்னும் பொருளே நிற்கிறது.

இவ்வினையிலிருந்து பெயர்ப்பொருள்கள் இரு திசைகளில் விரிகின்றன. ஒன்று, மடித்தலால் உண்டாகும் இடம் அல்லது பை. மற்றொன்று, மடிதலாகிய நிலை. முதல் திசை மடித்தல் என்னும் பிறவினையோடும், இரண்டாம் திசை மடிதல் என்னும் தன்வினையோடும் நெருங்கியவை. இப்பாகுபாடு கீழ்வரும் விளக்கம் முழுமைக்கும் அடிப்படையாகும்.

முதல் திசை: இடமும் பையும்

அமர்ந்தவரின் மடி என்பது கை, கால் போல எப்போதும் இருக்கும் உறுப்பன்று. உடல் இடுப்பில் மடியும்போது தோன்றுவது. எழுந்து நின்றதும் மறைவது. தொடை நின்றபோதும் தொடையே. மடியோ அமர்ந்தால் மட்டுமே உண்டு. ஆதலின் இப்பெயர் ஓர் உறுப்பைக் காட்டிலும் உடலின் ஒரு நிலையால் உண்டாகும் இடத்தையே சுட்டுகிறது. அவ்விடம் ஏந்துவதற்கும் காப்பதற்கும் உரியது. தாய்மாமன் மடியில் அமர்த்திக் குழந்தைக்குக் காது குத்துதல் என்னும் சடங்கில், மடி உரிமையும் பொறுப்பும் குறிக்கும் இடமாக உயர்கிறது.

இடுப்புத்துணியின் மடி இதனையொட்டிய மற்றொரு பொருள். வேட்டியின் அல்லது சேலையின் ஒரு பகுதியை மடித்துச் செருகுவதால் உண்டாகும் பையில் காசும் வெற்றிலையும் வைக்கப்பட்டன. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்னும் பழமொழியில் பேசப்படுவது இந்த மடியே. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தல் என்னும் பழமொழியும் ‘கட்டிக்கொண்டு’ என்னும் சொல்லால் துணிமடியையே காட்டுகிறது. மடிப்பிச்சை, மடியேந்துதல், மடி நிரப்புதல் ஆகிய தொடர்களில் தொடைப்பரப்பாகிய மடியும் துணிப்பையாகிய மடியும் பிரிக்க இயலாதவாறு ஒன்றுகின்றன. முந்தானையை விரித்து ஏந்தும்போது துணியே மடியாகிறது. பொருள்விரிவில் இத்தகைய கலப்பிடங்கள் சிறப்பாகக் கருதத்தக்கவை. ஏனெனில் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் சொல் கடந்து செல்வது இங்குத்தான்.

பணம் வைக்கும் சிறுபைக்கு மடிச்சீலை என்று பெயர். மலையாளத்தில் ‘மடிச்சீல’ என்பது இன்றும் பணப்பையைக் குறிக்கும். மடியில் செருகும் துணி, பின் மடியினின்று பிரிந்து தனிப்பையான பின்னும் மடியின் பெயரைத் தாங்கியே நிற்கிறது.

பால்தரும் விலங்கின் மடி, தொங்கும் பை என்னும் வடிவொப்புமையாலும், நிறைவதும் வழங்குவதும் என்னும் பயனொப்புமையாலும் அப்பெயர் பெற்றது. கால்நடை மருத்துவத்தில் ‘மடிநோய்’ என்னும் கலைச்சொல் நிலைபெற்றுள்ளது. சாதாரண உழவர் மொழியிலிருந்து மாற்றமின்றிக் கலைச்சொல்லாகிய சொற்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாம் திசை: நிலை

மடிதல் என்னும் தன்வினை சாய்தல், ஒடுங்குதல், ஊக்கம் இழத்தல், இறத்தல் எனத் தொடர்கிறது. போரில் மடிந்தனர், பஞ்சத்தில் மடிந்தனர் என்பன இன்றும் வழக்கிலுள்ள தொடர்கள். நிமிர்ந்து நிற்றல் உயிர்ப்புக்கும் முயற்சிக்கும் அடையாளமாகக் கொள்ளப்படுவதால், அதன் எதிர்நிலையாகிய மடிதல் சோர்வுக்கும் சாவுக்கும் பெயராவது இயல்பே. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் ‘மடியின்மை’. அங்கு ‘மடி’ சோம்பலைக் குறிக்கிறது. மலையாளத்தில் சோம்பலுக்குரிய பொதுச்சொல் இன்றும் ‘மடி’யே. தமிழ்ப் பேச்சுவழக்கில் அப்பொருள் அருகிவிட்டது. எழுத்துவழக்கிலும் பெரும்பாலும் குறளைத் தழுவியே வருகிறது. ஆக, ஒரு மொழியில் புலவர் சொல்லாகச் சுருங்கிய பொருள் உறவுமொழியில் வீட்டுச்சொல்லாக வாழ்கிறது.

எண்ணும் மடியும்

இருமடி, மும்மடி, பன்மடி என்னும் சொற்களில் ‘மடி’ எண்ணளவின் அடுக்கைக் குறிக்கிறது. துணியை ஒருமுறை மடித்தால் இரு படிவு. மீண்டும் மடித்தால் நான்கு. மடித்தலும் பெருகுதலும் கையால் செய்து கண்ணால் காணத்தக்க உறவுடையன. இவ்வுறவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் இருமடியைக் குறிக்கும் ‘டூப்ளெக்ஸ்’ என்னும் சொல்லின் பின்னுறுப்பும், பிரெஞ்சில் மடித்தலைக் குறிக்கும் ‘ப்ளியே’ என்னும் வினையும் ஒரே வேரின. ஆங்கிலத்தில் மடிப்பைக் குறிக்கும் ‘ஃபோல்ட்’ என்பதே எண்ணுப்பெயரோடு சேர்ந்து மடங்கைக் குறிக்கும். கன்னடத்தில் ‘இம்மடி’ இருமடங்கைக் குறிப்பதோடு அமையாது, அரசர் வரிசையில் இரண்டாமவன் என்றும் பொருள்பட்டது. இரண்டாம் புலிகேசி கன்னடத்தில் இம்மடி புலிகேசி எனப்படுகிறான்.

இந்த எண்ணுப்பொருள் தமிழ் இலக்கணக் கலைச்சொல்லிலும் புகுந்துள்ளது. ஆகுபெயர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வருவதை உரைமரபு இருமடியாகுபெயர், மும்மடியாகுபெயர் என்று வழங்குகிறது. ‘புளி முளைத்தது’ என்னுமிடத்துச் சுவையின் பெயர் கனிக்காகி, பின் மரத்திற்காயிற்று. ஆதலின் அது இருமடி. ‘கார் அறுத்தான்’ என்னுமிடத்து நிறத்தின் பெயர் மேகத்திற்கும், மேகத்தின் பெயர் பருவத்திற்கும், பருவத்தின் பெயர் பயிருக்கும் சென்றது. ஆதலின் அது மும்மடி. பொருள்விரிவை விளக்க இலக்கணிகள் தேர்ந்த சொல்லே பொருள்விரிவுக்கு உள்ளான சொல்லாகவும் அமைந்தது கருதத்தக்கது.

தூய்மைப் பொருள்

சமயச் சடங்குகளில் ‘மடி’ தீட்டற்ற தூய நிலையைக் குறிக்கும். கன்னடத்திலும் தெலுங்கிலும் இப்பொருள் பரவலாக வழங்குகிறது. அங்கே அது துவைத்து உலர்த்திய தூய ஆடையையும் சுட்டும். தமிழ் அகராதிகளும் ‘மடி’க்கு ஆடை என்னும் பொருளைத் தருகின்றன. மடிப்பு, மடித்த ஆடை, தூய ஆடை, தூய்மை என்னும் வரிசையில் ஆடை இடைநின்று இணைப்பதால், இப்பொருளையும் மடித்தலோடு தொடர்புபடுத்தல் பொருந்தும். ‘மடிசஞ்சி’ என்னும் சொல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. மடியாடைகளை வைக்கும் பைக்கு அது பெயர். பின் ஆசாரத்தில் மிகுதியாக ஊன்றியவரை எள்ளும் பெயராயிற்று. பையின் பெயர் ஆளுக்கு ஆகிவந்த இடம் இது.

தெலுங்கில் ‘மடி’ நன்செய் வயலின் பாத்தியையும் குறிக்கும். அப்பொருளை மேற்கண்ட வரிசையோடு இணைக்கும் இடைப்பொருள் தமிழில் இல்லை. எனவே அதனை இவ்வரிசையில் சேர்க்காமல் விடுவதே முறை. ஒலி ஒத்ததனாலேயே பொருளும் ஒருவேரினது என்று கொள்ளுதல் சொல்லாய்வில் தவிர்க்கத்தக்கது.

உறவை அறியும் அளவைகள்

ஒரு சொல்லின் பல பொருள்கள் ஒரு வேரிலிருந்து கிளைத்தவையா, வெவ்வேறு சொற்கள் ஒலியால் ஒன்றுபட்டனவா என்பதை மூன்று அளவைகளால் உணரலாம்.

முதலாவது, இரு பொருளுக்கும் இடையே உண்மையான வழக்கில் நிற்கும் இடைப்பொருள் உண்டா என்பது. தொடைப்பரப்புக்கும் பணப்பைக்கும் இடையே இடுப்புத்துணியின் மடி நிற்கிறது. இரண்டாவது, உறவுமொழிகளிலும் அப்பொருள்கள் சேர்ந்தே காணப்படுகின்றனவா என்பது. மலையாளத்தில் மடிப்பகுதி, சோம்பல் ஆகியவையும், கன்னடத்தில் மடித்தல், இறத்தல், மடங்கு, தூய்மை ஆகியவையும் ஒரே வடிவின்கீழ் உள்ளன. தொடைப்பரப்பைக் கன்னடம் ‘மடிலு’ என ஈறு சேர்த்துக் கூறும். இத்தகைய சேர்க்கைகளை முழுமையாக நோக்குவதற்குப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) இன்றியமையாதது. மூன்றாவது, புதிய பொருளுக்குப் பெயரிடும் தேவை வரும்போது பேசுவோர் எந்தப் பொருளைப் பற்றிக்கொண்டு பெயரிடுகின்றனர் என்பது. இம்மூன்றாம் அளவைக்கு வலைப்பெயர்களும் மடிக்கணினியும் சான்றாகின்றன.

வலையின் மடி

கடற்கரையிலிருந்து இழுக்கும் கரைவலை, இருபுறமும் நீண்டு விரியும் பகுதிகளையும் நடுவில் மீன் சென்று தங்கும் பையையும் உடையது. அப்பையே மடி. இழுவலைகளிலும் மீன் திரளும் கடைப்பகுதி மடி எனப்படும். துணியின் மடியும் பசுவின் மடியும் போலவே நிறைவதற்கும் தாங்குவதற்கும் உரிய பை என்னும் ஒப்புமையால் இப்பெயர் அமைந்தது. இலக்கண மரபில் இது உவமையாகுபெயர் ஆகும். பிரெஞ்சு மொழியிலும் வலையின் இப்பகுதி சட்டைப்பையைக் குறிக்கும் ‘போஷ்’ என்னும் சொல்லால் வழங்கப்படுவதுண்டு.

அடுத்த நிலையில் பகுதியின் பெயர் முழுவலைக்கும் ஆகிறது. தள்ளுமடி, இழுவைமடி, இரட்டைமடி, சுருக்குமடி ஆகியவற்றில் ‘மடி’ பையை மட்டுமன்றி வலை முழுவதையும் குறிக்கிறது. இது சினையாகுபெயர். மூன்றாம் நிலையில் கருவியின் பெயர் அக்கருவியால் செய்யும் தொழிலுக்கு ஆகிறது. இழுவைமடியைத் தடைசெய்ய வேண்டும் என்று ஈழத்து மீனவர் கோரும்போது அச்சொல் வலையை மட்டுமன்றி மீன்பிடி முறையையும் சுட்டுகிறது. இலங்கை நாடாளுமன்றம் 2017இல் நிறைவேற்றிய கடற்றொழில் திருத்தச் சட்டம் தடைசெய்தது அம்முறையையே. யாழ் கேட்டான் என்னுமிடத்துக் கருவியின் பெயர் இசைக்கு ஆவது போன்றது இது, ஆதலின் கருவியாகுபெயர். ஒப்புமை, சினை, கருவி என மூன்று அடுக்காக வந்தமையின் ‘இழுவைமடி’ மும்மடியாகுபெயரின் இலக்கணத்திற்கு இன்றைய வழக்கிலிருந்து கிடைக்கும் சான்றாகிறது.

சுருக்குமடி: செயலால் உண்டாகும் மடி

சுருக்குமடி வலையின் அமைப்பு தனித்து நோக்கத்தக்கது. இதன் மேல்விளிம்பில் மிதவைகளும் கீழ்விளிம்பில் பளுவும் வளையங்களும் உள்ளன. மீன் கூட்டத்தைச் சுற்றி வலையைச் சுவர்போல இறக்கிய பின், வளையங்களின் வழியே செல்லும் கயிற்றை இழுப்பர். அப்போது வலையின் அடிப்பக்கம் சுருங்கி மூடிக்கொள்ள, சுவராக நின்றது பையாக மாறும். கரைவலையில் மடி முன்னரே தைத்து அமைக்கப்பட்டது. சுருக்குமடியிலோ கயிற்றை இழுக்கும்வரை வலை சுவரே. இழுத்த பின்னரே மடி உண்டாகிறது.

இவ்வியல்பு அமர்ந்தால் தோன்றி எழுந்தால் மறையும் தொடைமடியின் இயல்போடு ஒத்தது. பொருள்விரிவின் கடைசிக் கிளையில் நிற்கும் இவ்வலைப்பெயர், மடித்தலாகிய செயலால் உண்டாகும் இடம் என்னும் முதற்பொருளை வேறு எக்கிளையினும் தெளிவாகக் காட்டுகிறது. 

ஆங்கிலத்தில் இவ்வலைக்குரிய ‘பர்ஸ் சீன்’ என்னும் பெயர் பணப்பையை உவமையாகக் கொண்டது. கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும் பையே அங்குக் கருதப்பட்டது. தமிழில் அப்பைக்குச் சுருக்குப்பை என்று பெயர். மூதாட்டியர் அதனை இடுப்பு மடியில் செருகி வைப்பது வழக்கம். பிரெஞ்சிலோ நழுவி ஓடும் கயிற்றை நோக்கி ‘சென் கூலிசான்ட்’ எனப் பெயரிட்டனர். ஆங்கிலப் பெயர் பையையும், பிரெஞ்சுப் பெயர் கயிற்றின் ஓட்டத்தையும் எடுத்துக்கொள்ள, தமிழ்ப் பெயர் சுருங்குதலாகிய செயலையும் மடியாகிய விளைவையும் ஒருங்கே கொண்டுள்ளது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருந்தால் ‘பணப்பை வலை’ என்றிருக்கும். வலையின் பகுதிக்கு முன்னரே வழங்கிய பெயர் இருந்தமையால் அத்தகைய பெயர் தேவைப்படவில்லை.

மடிக்கணினி இதற்கு மாறான வழியில் வந்தது. ஆங்கிலப் பெயரில் தொடைப்பரப்பைக் குறிக்கும் உறுப்பு அவ்வாறே தமிழாக்கப்பட்டது. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியபோது அச்சொல் பள்ளி மாணவர் அனைவர் வாயிலும் நிலைபெற்றது. இரண்டாக மடித்து மூடும் கருவி என்பதால், சொல்லின் வரலாறு அறியாதோர் ‘மடிக்கும் கணினி’ என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு. இருவகையாலும் பொருள் பொருந்துவது, மடியில் வைத்தலும் மடித்தலும் ஒரே வேரின என்பதற்கு மேலுமொரு சான்று.

பெயரும் சட்டமும்

வழக்கில் மயக்கம் தராத சொல் சட்டத்திற்குள் வரும்போது வேறு வகையான சோதனைக்கு உள்ளாகிறது. கரையில் நின்று பேசுவோர்க்கு வலை கண்முன் கிடக்கிறது. பெயர் அதனைச் சுட்டினால் போதும். ஆணையைப் படிப்போர்க்கு வலை கண்முன் இல்லை. பெயரே பொருளின் எல்லையை வரையறுக்க வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டுக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டினது. அதன்கீழ் அமைந்த விதிகளில் 2022 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தத்தின்வழிச் சுருக்குமடி வலைக்குத் தடை உறுதிசெய்யப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால ஆணையொன்றைப் பிறப்பித்தது. 12 கடல்மைல் எல்லைக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நிபந்தனைகளுடன் அவ்வலையைப் பயன்படுத்த அது இசைவளித்தது. புதுவைக் கடலோரத்திலும் இது பெரும்பூசலாக இருந்தது. 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினம், நல்லவாடு ஆகிய ஊர்களின் மீனவரிடையே சுருக்குமடி வலை தொடர்பாக எழுந்த மோதலைக் கலைக்கக் காவலர் வானை நோக்கிச் சுட நேர்ந்தது. கூட்டம் கூட்டமாக மீனைச் சூழ்ந்து எடுப்பதால் சிறுவலையினர்க்கு எஞ்சுவது குறையும் என்பது எதிர்ப்போர் வாதம். பெருமுதலிட்டு வாங்கிய வலையும் அதனை நம்பிய குடும்பங்களும் என்னாவது என்பது பயன்படுத்துவோர் வாதம்.

இப்பூசலின் நடுவில் ஒரு சொற்சிக்கலும் உள்ளது. பெருங்கப்பலிலிருந்து பொறியால் இயக்கப்படும் பெருவலையும், சிறுபடகுகளிலிருந்து பலர் கூடிக் கையால் இழுக்கும் வளையவலையும் மீன்வளவியலில் வேறுபடுத்தப்படுகின்றன. தமிழ் வழக்கில் இரண்டும் சுருக்குமடியே. இரண்டிலும் அடி சுருங்கி மடியாவது ஒன்றே ஆதலின் பேச்சுவழக்குக்கு ஒரு பெயர் போதுமானது. தடையின் எல்லையை வகுக்கும் எழுத்துக்கோ வலையின் நீளம், ஆழம், கண்ணளவு, இழுக்கும் முறை ஆகியவை தனித்தனியே சொல்லப்பட வேண்டும்.

இரட்டைமடி என்னும் பெயர் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. சொற்பொருள் நோக்கினால் இரு பைகளையுடைய வலை என்றே தோன்றும். ஆனால் அப்பெயர் குறிப்பது இரு படகுகள் சேர்ந்து ஒரு வலையை இழுத்துச் செல்லும் முறையை. இரட்டிப்பு மடிக்கு உரியதன்று, படகுக்கு உரியது. ஒரே படகு இரு வலைகளை இழுக்கும் முறையும் உலகில் உண்டு. பெயரின் உறுப்புகளை மட்டும் நோக்கி மொழிபெயர்ப்போர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் வாய்ப்பு பெரிது. சொற்பிறப்பு பொருளை விளக்கும். பொருளை முற்ற முடிவுசெய்யாது என்பதற்கு இது சான்று.

கரை மாறும்போது

தொழிற்சொற்கள் தொழிலோடு பிணைந்தவை. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் அமைந்தபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, வடக்கே நகரக் கடற்கரையில் அரிப்பு மிகுந்தது. கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. மணற்பரப்பில் நின்று இரு வரிசையாக ஆட்கள் இழுக்க வேண்டிய கரைவலைக்குப் பாறைக்கரையில் இடமில்லை. தைத்து அமைத்த மடியை உடைய வலை பயன்பாட்டிலிருந்து அகலும் இடத்தில், அதன் உறுப்புப் பெயர்களும் அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் நின்றுவிடும். அந்நிலையில் ‘சுருக்குமடி’யில் உள்ள மடி ஏன் மடி எனப்பட்டது என்பதை விளக்கும் இடைப்பொருளும் மறையும். இடைப்பொருள் மறைந்தால் உறவுடைய பொருள்களும் உறவற்றனவாகத் தோன்றும்.

கட்டுமரம் என்னும் சொல்லின் வரலாறு இதற்கு எச்சரிக்கையாக அமையும். கட்டிய மரங்களால் ஆன இக்கரையின் மிதவைக்குரிய பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, இரட்டையுடல் கொண்ட விரைவுப் படகுக்குப் பெயராயிற்று. இடையே 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்திலிருந்த கப்பல்கள்மீது பிரிட்டிஷார் ஏவிய வெடிமிதவைகளும் அப்பெயரால் அழைக்கப்பட்டன. கட்டுதலும் மரமும் அங்கே இல்லை. பெயர் மட்டும் உள்ளது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924–1936 காலத்தில் வெளிவந்தது. சுருக்குமடியின் வகை வலைகள் இந்திய மேற்குக் கரையில் பெருகியது 1970களில். அகராதிக்குப் பின் தோன்றிய தொழில்களின் சொற்கள் களத்திலிருந்தே திரட்டப்பட வேண்டியவை. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் உழவுச்சொற்களைக் கொண்டு தொடங்கிய தொழிற்சொல்லகராதி வரிசை இதற்கு வழிகாட்டும் முன்மாதிரி. தமிழ்–பிரெஞ்சு அகராதியை மூசே, துய்ப்புய் ஆகியோர் 1855–1862இல் அச்சிட்ட நகரம் புதுச்சேரி. அகராதிப் பணிக்குத் தொன்மையான அந்நகரின் மீனவர் குப்பங்களே இத்தொகுப்புக்குத் தக்க தொடக்கமாக அமையும்.

தொகுப்புரை

‘மடி’யின் பொருள்கள் தொடர்பற்ற குவியல் அல்ல. மடித்தலால் உண்டாகும் இடமும் பையும் ஒரு திசையிலும், மடிதலாகிய நிலை மற்றொரு திசையிலும் விரிய, அடுக்காகிய எண்ணுப்பொருளும் ஆடைவழி வந்த தூய்மைப் பொருளும் அவ்வினையோடு தொடர்புடையனவாகவே நிற்கின்றன. வலைப்பெயர்களில் உவமை, சினை, கருவி ஆகிய ஆகுபெயர்கள் அடுக்கி வருவதால், மரபிலக்கணம் வகுத்த மும்மடியாகுபெயர் இன்றைய தொழில்வழக்கையும் விளக்க வல்லது என்பது தெளிவாகிறது. அகராதியில் இத்தகைய சொல்லைப் பதிவோர் பொருளை மட்டுமன்றி அப்பொருளுக்குரிய கருவியின் அமைப்பையும் இயக்கத்தையும் குறித்தல் வேண்டும். சட்டம் எழுதுவோர் வழக்குப்பெயரை ஏற்றுக்கொண்டு, அதன் எல்லையை அளவுகளால் வரையறுத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான், கடலுக்குச் செல்பவர் தம் வலைக்கு இட்ட பெயரும் அவர்மீது செலுத்தப்படும் ஆணையில் உள்ள பெயரும் ஒரே பொருளைச் சுட்டும்.